உறவுமுறையும் நகர்ப்புற ஏழைக் குடும்பங்களின் இடமாற்றமும்

நகரங்களில் வாழும் குறைந்த வருமானக் குடும்பங்கள் வீடு மாறும்போது எங்கே செல்கின்றன என்பதைத் தீர்மானிப்பதில் உறவுமுறைக்குப் பெரும் பங்கு உண்டு. இது சமூகவியல், சமூக மானிடவியல், நகரத் திட்டமிடல் ஆகிய துறைகளில் நீண்டகாலமாக ஆராயப்பட்டு வரும் விடயம் ஆகும். வாடகை, வேலைத்தலத்தின் தூரம், வீட்டின் அளவு என்பனவே வீட்டுத் தெரிவைத் தீர்மானிக்கின்றன என்று திட்டமிடுவோர் பொதுவாகக் கருதுவர். ஆனால் தாய், உடன்பிறந்தார், மாமன், மாமி முதலியோர் எங்கே வாழ்கின்றனர் என்பதும் அவற்றுக்கு இணையான காரணமாக இருப்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து வெளிவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது, இலண்டனின் பெத்னல் கிரீன் பகுதியைப் பற்றி மைக்கேல் யங், பீட்டர் வில்மொட் ஆகிய இருவரும் எழுதி 1957 ஆம் ஆண்டில் வெளியான "கிழக்கு இலண்டனில் குடும்பமும் உறவுமுறையும்" என்னும் பொருள் கொண்ட தலைப்புடைய ஆங்கில நூலாகும்.

உறவினரின் பங்கு

வசதியுள்ள குடும்பம் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் பல சேவைகளை ஏழைக் குடும்பம் உறவினரிடம் இருந்து பெறுகின்றது. வங்கிக் கடனுக்குப் பதிலாகக் கைமாற்று, காப்புறுதிக்குப் பதிலாக இடர் காலத்தில் உதவி, குழந்தைகள் காப்பகத்துக்குப் பதிலாகப் பாட்டி என்று இதனைக் கூறலாம். இவற்றுட் சில தூரத்தினாற் பாதிக்கப்படுவதில்லை. பணத்தை எங்கிருந்தும் அனுப்பலாம். ஆனால் தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுப்பதும் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் இருப்பவரால் மட்டுமே இயலும். பேருந்துக் கட்டணம் ஒரு பொருட்டாக இருக்கும் குடும்பங்களில் இந்தத் தூரம் மேலும் குறுகிவிடுகின்றது.

வீடு தேடும் வேலையிலும் உறவினரே முதலிற் பயன்படுகின்றனர். எங்கே அறை காலியாகின்றது என்ற செய்தி அவர்கள் மூலமே வருகின்றது. புதியவரை நம்பாத வீட்டுக்காரர், ஏற்கெனவே குடியிருப்பவரின் தங்கை என்றால் நம்புகின்றார். வீடு கிடைக்கும் வரை தங்குவதற்கும் உறவினர் வீடே உள்ளது. நாட்டுப்புறத்தில் இருந்து நகருக்கு வருவோர் முன்னர் வந்த உறவினரைப் பின்பற்றி அவர்களுக்கு அருகிலேயே குடியேறுவது சங்கிலித்தொடர் இடப்பெயர்வு எனப்படுகின்றது.

உறவு இருந்த இடத்திலேயே கட்டிப்போடவும் கூடும். ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஒரு நகரின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுடன் பழகி கரோல் இசுடாக் என்னும் மானிடவியலாளர் 1974 இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு தம்பதியினருக்கு 1,500 டாலர் மரபுரிமையாகக் கிடைத்தது. அதனை முன்பணமாகக் கொடுத்து ஒரு வீடு வாங்க அவர்கள் எண்ணியிருந்தனர். ஆனால் செய்தி பரவியதும் உறவினரின் தேவைகள் ஒவ்வொன்றாக வந்தன. சில வாரங்களிற் பணம் முழுவதும் தீர்ந்துவிட்டது. வீடு வாங்கப்படவில்லை. உதவியை மறுத்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். ஆனால் தாம் இடருறும்போது உதவி கேட்கும் உரிமை போயிருக்கும். ஏழைகள் இடம்பெயராமல் இருப்பதை அறியாமை அல்லது பழக்கத்தின் விளைவு என்று விளக்க முயல்வோர் இக்கணக்கைக் காணத் தவறுகின்றனர்.

பெத்னல் கிரீன்

பெத்னல் கிரீன் இலண்டனின் கிழக்குப் பகுதியில் அமைந்த தொழிலாளர் குடியிருப்புப் பகுதியாகும். அக்காலத்தில் தனி நகரசபையாக இருந்த இப்பகுதி 1965 இல் டவர் ஹாம்லெட்ஸ் நகரசபையுடன் இணைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இங்கே பல வீடுகள் குண்டுவீச்சினால் அழிந்தன. எஞ்சியவற்றுட் பல பழையவை, நெரிசலானவை. இலண்டனின் மக்கள் நெருக்கத்தைக் குறைப்பதற்காக பாட்ரிக் அபர்க்கிராம்பி 1944 இல் வகுத்த திட்டம், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை நகருக்கு வெளியே குடியேற்ற வேண்டும் எனக் கூறியது. இதன்படி இலண்டன் கவுன்ட்டி சபை நகர எல்லைக்கு அப்பால் குடியிருப்புத் திட்டங்களைக் கட்டியது.

யங், வில்மொட் ஆகியோர் 1953 க்கும் 1955 க்கும் இடையில் இங்கு களஆய்வு நடத்தினர். வாக்காளர் பட்டியலில் இருந்து தெரிவு செய்யப்பட்ட 933 பேரிடம் பொதுவான கேள்விகளும், இளம் பிள்ளைகளை உடைய 45 தம்பதியினரிடம் விரிவான கேள்விகளும் கேட்கப்பட்டன. தொழிற்புரட்சி உறவுமுறையை அழித்துவிட்டது, நகரில் எஞ்சியிருப்பது கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டுமே என்ற கருத்து அன்றைய சமூகவியலில் வலுவாக இருந்தது. பெத்னல் கிரீனில் அவர்கள் கண்டது வேறு. கேள்வி கேட்கப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் அப்பகுதியிலேயே பிறந்தவர்கள். தாய் உயிருடன் உள்ள மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் நாளிலேயோ அன்றைய நாளிலேயோ தாயைச் சந்தித்திருந்தனர்.

இந்த உறவு வலையின் மையத்தில் இருந்தவர் தாய். மகள் மணமான பின்னரும் தாயின் வீட்டுக்கு அருகிலேயே வாழ விரும்பினாள். மகன் பெரும்பாலும் மனைவியின் தாய் வீட்டுப் பக்கம் சென்றான். மானிடவியலாளர் தாயிட வாழ்வு என்று தொலைதூரச் சமூகங்களில் விவரித்த வழக்கத்துக்கு ஒப்பான ஒன்று இலண்டனின் நடுவில் இருந்தது என்பது வாசகர்களுக்கு வியப்பளித்தது. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமல் இது எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதே நூலின் மிகச் சுவையான பகுதி எனலாம்.

வீடுகள் பல தனியாருக்கு உரியவையாக இருந்தன. வாடகை வாங்குபவர் வாரந்தோறும் வீடுவீடாக வருவார். பல ஆண்டுகளாகத் தவறாமல் வாடகை கொடுத்துவந்த தாய், "என் மகளுக்குத் திருமணம், உங்களிடம் ஏதாவது வீடு காலியானால் சொல்லுங்கள்" என்று அவரிடம் கூறிவைப்பாள். இதனை அப்பகுதி மக்கள் மகளுக்காகப் "பேசுதல்" என்றனர். வாடகை வாங்குபவருக்கும் இது நன்மையே. நல்ல குடியிருப்பாளரின் மகளும் நல்ல குடியிருப்பாளராக இருப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். இவ்வாறு, அறிமுகம் என்னும் சிறு முதலீட்டைக் கொண்டு தாய்மார் மகள்களைத் தமது தெருவிலேயோ அடுத்த தெருவிலேயோ அமர்த்தினர். துறைமுகம் போன்ற சில வேலைத்தலங்களில் தந்தையர் மகன்களுக்காகப் பேசியதும் இதே முறையே. வீடு கிடைக்கும் வரை புதுமணத் தம்பதியினர் பெரும்பாலும் பெண்ணின் பெற்றோருடன் தங்கினர்.

நகரசபை வீடுகள் வந்ததும் இது மாறியது. இவ்வீடுகள் தேவையின் அடிப்படையில், காத்திருப்போர் பட்டியலின்படி ஒதுக்கப்பட்டன. எத்தனை பேர் ஓர் அறையில் வாழ்கின்றனர், வீடு எவ்வளவு பழுதடைந்துள்ளது என்பனவே கணக்கிடப்பட்டன. தாய் யாரிடமும் பேச முடியாது. முறை நேர்மையானது, சலுகைக்கு இடமற்றது. ஆனால் அதன் பார்வையில் குடும்பம் என்பது ஒரே கூரையின் கீழ் உள்ளோர் மட்டுமே. அடுத்த தெருவில் உள்ள தாய் அதன் படிவங்களில் இடம்பெறவில்லை.

கிரீன்லீ

ஆய்வாளர்கள் "கிரீன்லீ" எனப் புனைபெயரிட்ட இடம் எசெக்சில் உள்ள டெப்டன் குடியிருப்பாகும். பெத்னல் கிரீனில் இருந்து இங்கு சென்ற 47 தம்பதியினரை 1953 இலும், அவர்களிற் பெரும்பாலோரை மீண்டும் 1955 இலும் அவர்கள் சந்தித்தனர். பெத்னல் கிரீனில் வாழ்ந்தபோது மனைவியர் தமது அல்லது கணவரின் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் வாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 17 தடவைகள் சந்தித்தனர். கிரீன்லீயில் இது 3 ஆகக் குறைந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் மேலும் சிறிது குறைந்தது. கணவர்களின் எண்ணிக்கையும் வீழ்ந்தது. எனினும் வேலை நிமித்தம் நகருக்குச் செல்வதால் இரண்டாவது சந்திப்பின்போது அவர்கள் மனைவியரை விடச் சற்றுக் கூடுதலாக உறவினரைக் கண்டனர். பழைய இடத்தில் 400 பேருக்கு ஒரு மதுச்சாலை இருந்தது. புதிய இடத்தில் 5,000 பேருக்கு ஒன்று. கடைகளும் இவ்வாறே அரிதாக இருந்தன. எதிர்பாராமல் ஒருவரை ஒருவர் சந்திக்கும் இடமே இல்லாமற் போயிற்று.

அப்படியானால் அவர்கள் ஏன் சென்றனர்? வீட்டுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் என்பதே பெரும்பாலோரின் பதில். தனிக் குளியலறை, தோட்டம், நல்ல காற்று ஆகியவை பெத்னல் கிரீனில் அவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டா. பெற்றோர் மீதான பற்றுக்கும் பிள்ளைகள் மீதான பற்றுக்கும் இடையில் அவர்கள் ஒன்றைத் தெரிய வேண்டியிருந்தது. மனைவி நோயுற்றாலோ பிள்ளை பெற்றாலோ முன்னர் தாய் வந்தாள். இப்போது கணவன் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றான். தொலைபேசியும் மகிழுந்தும் அக்காலத் தொழிலாளர் குடும்பங்களில் அரிய பொருட்கள். உறவைத் தொலைவிலிருந்து பேணுவதற்கு இவை தேவைப்பட்டன.

நகரைச் சிதறடிப்பதற்குப் பதிலாக இருக்கும் இடத்திலேயே வீடுகளைத் திருத்தவும் மீளக் கட்டவும் வேண்டும் என நூல் பரிந்துரைத்தது. மக்களை இடம் மாற்றுவது தவிர்க்க முடியாதது எனில், உறவினரும் அயலவரும் சேர்ந்து குடியேற வழி செய்யப்பட வேண்டும் என்றும் அது கூறியது. பிற்காலத்தில் இடித்துக் கட்டுவதை எதிர்த்தோர் இந்நூலை அடிக்கடி எடுத்துக்காட்டினர்.

விமரிசனங்கள்

கிரீன்லீ மாதிரி சிறியது. அதில் இருந்தோர் அனைவரும் இளம் பிள்ளைகளை உடையவர்கள், அண்மையில் வந்தவர்கள். எனவே தனிமை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை இந்த ஆய்வினாற் கூற முடியவில்லை. இதற்கு ஒரு பகுதி விடையை வில்மொட் தாமே 1963 இல் அளித்தார். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் டகனத்தில் கட்டப்பட்ட பெக்கன்ட்ரீ குடியிருப்பு அப்போது நாற்பது ஆண்டு பழைமை கொண்டது. அங்கே பெத்னல் கிரீனை ஒத்த உறவு வலைகள் மீண்டும் உருவாகியிருந்தன. ஆனால் ஒரு தலைமுறை கழிந்திருந்தது. அத்துடன் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதே குடியிருப்பில் வீடு கிடைக்காமையால் பலர் மீண்டும் வெளியேற வேண்டியிருந்தது.

மேலும் கடுமையான மறுப்பு 2016 இல் வந்தது. வரலாற்றாளர் சோன் லாரன்சு, யங், வில்மொட் இருவரின் களக்குறிப்புகளில் எஞ்சியவற்றை மீளாய்வு செய்தார். உறவினருடன் ஒட்டாதவர்கள், அயலவரிடம் இருந்து விலகியிருக்க விரும்பியவர்கள், புறநகர் வீட்டை ஆவலுடன் எதிர்பார்த்தவர்கள் ஆகியோர் அக்குறிப்புகளில் உள்ளனர் என்றும், நூலில் இவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றும் அவர் காட்டினார். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. எனினும் தாய்மார் வீடு பெற்றுக்கொடுத்த முறை பற்றிய விளக்கம் இதனால் வலுவிழக்கவில்லை.

பிற நகரங்கள்

லேகோஸ்: நைசீரியாவின் லேகோஸ் நகரின் மையப்பகுதியில் 1955 இல் தொடங்கிய இடிப்புத் திட்டத்தைப் பற்றி பீட்டர் மாரிஸ் எழுதிய நூல் 1961 இல் வெளியானது. அங்கே பழைய வீடுகள் பல குடும்பச் சொத்துக்கள். முன்னோர் ஒருவர் கட்டிய வீட்டில் அவருடைய வழித்தோன்றல்கள் அனைவருக்கும் தங்கும் உரிமை இருந்தது. முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் வேலையிழந்தோருக்கும் இதுவே புகலிடம். இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்து பலர் சுருலேரே என்னும் இடத்தில் சிறு குடும்பத்துக்கென அமைக்கப்பட்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். உறவினரைக் காணப் பேருந்துக் கட்டணம் வேண்டியிருந்தது. சந்தையில் சிறு வணிகம் செய்த பெண்கள் வாடிக்கையாளரை இழந்தனர். வருமானம் குறைந்ததால் உறவினருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியாமல், வெட்கத்தினால் அவர்களைச் சந்திப்பதையே சிலர் தவிர்த்தனர்.

மெக்சிக்கோ நகரம்: லரிசா லொம்னிட்ஸ் 1970களில் ஆராய்ந்த செராடா டெல் கோண்டோர், ஏறத்தாழ 200 வீடுகளைக் கொண்ட சேரிக் குடியிருப்பு. இங்கு வந்தோரிற் பெரும்பாலோர் உறவினர் வீட்டில் தங்கிப் பின்னர் அருகில் ஓர் அறையைக் கட்டியோ வாடகைக்கு எடுத்தோ குடியேறினர். ஒரே முற்றத்தைச் சுற்றி உறவினர் வீடுகள் அமைந்தன. உறவினர் அல்லாதோர் ஞானப்பெற்றோர் முறையின் மூலம் உறவினராக்கப்பட்டனர்.

பொஸ்டன்: இத்தாலிய வம்சாவளியினர் பெருமளவில் வாழ்ந்த மேற்கு முனைப் பகுதி 1950களின் இறுதியில் இடிக்கப்பட்டது. இடிப்புக்குச் சற்று முன்னர் எர்பர்ட் கான்ஸ் அங்கே குடியிருந்து எழுதிய நூல் 1962 இல் வெளியானது. வெளியேற்றப்பட்டோரின் மனநிலை இறந்தவருக்காகத் துயருறுவோரின் மனநிலையை ஒத்தது என்று உளவியலாளர் மார்க் ஃபிரைட் 1963 இல் எழுதினார்.

வாய்ப்புள்ள இடத்துக்கு மாற்றும் திட்டங்கள்

ஐக்கிய அமெரிக்க அரசு 1994 இல் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. பால்ட்டிமோர், பொஸ்டன், சிக்காகோ, லாசு ஏஞ்சலசு, நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் அரசு வீடுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்கள் குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு, வறுமை 10 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ள பகுதிகளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய வாடகை உதவிச் சீட்டு வழங்கப்பட்டது. இவர்களிற் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே அதனைப் பயன்படுத்தினர். சென்றவர்களிலும் பலர் குழந்தைப் பராமரிப்புக்காகவும் உறவினரைக் காணவும் பழைய பகுதிக்கு வந்து போயினர். சில காலத்தின் பின் வறிய பகுதிகளுக்கே திரும்பியோரும் உண்டு.

உறவே எப்போதும் நன்மை தரும் என்ற முடிவுக்கு இதே திட்டம் ஒரு தடையாகவும் உள்ளது. ராச் செட்டி முதலிய பொருளியலாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 13 வயதுக்கு முன்னர் வறுமை குறைந்த பகுதிக்குச் சென்ற பிள்ளைகள் வளர்ந்தபின் ஈட்டிய வருமானம், செல்லாதவர்களை விட 31 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தாய்க்கு அருகில் இருப்பதா, பிள்ளையின் எதிர்காலத்தைத் தேடிச் செல்வதா என்னும் கிரீன்லீப் பெற்றோரின் இக்கட்டு உண்மையானது என்பதை இது காட்டுகின்றது. மேலும், செல்லாமைக்கு உறவு மட்டும் காரணமல்ல. 2018 இல் சியாட்டில் பகுதியில் தொடங்கிய ஒரு சோதனையில், வீடு தேடவும் வீட்டுக்காரருடன் பேசவும் உதவி அளிக்கப்பட்டபோது வாய்ப்புள்ள பகுதிகளுக்குச் சென்றோர் 15 விழுக்காட்டில் இருந்து 53 விழுக்காடாக உயர்ந்தனர். பெத்னல் கிரீனின் தாய் செய்த வேலையை இங்கே சம்பளம் பெறும் ஒருவர் செய்தார் எனலாம்.

இந்தியா

குசராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரில் சேரிகளில் வாழ்ந்தோருக்குக் குலுக்கல் மூலம் வீடு வழங்கப்பட்டது. புதிய வீடுகள் நகர மையத்தில் இருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. சாரன் பார்ன்கார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகியோர், வென்றோரையும் தோற்றோரையும் 14 ஆண்டுகளின் பின் ஒப்பிட்டு 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். வென்றோரில் 34 விழுக்காட்டினர் அவ்வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. மேலும் 32 விழுக்காட்டினர் போய்ப் பின்னர் வெளியேறினர். வென்றோரின் வீடு மேம்பட்டிருந்தது. ஆனால் குடும்ப வருமானத்திலும் பிள்ளைகளின் நிலையிலும் வேறுபாடு காணப்படவில்லை. குடும்பத்தினரிடமும் சாதியினரிடமும் இருந்து விலகியிருந்தமையால், இடர் வரும்போது அவர்களிடம் கிடைக்கக்கூடிய உதவியும் குறைந்திருந்தது. குலுக்கலில் ஒருவர் வெல்லும்போது அவருடைய தங்கையும் வெல்வது அரிது என்பதை நினைவிற் கொண்டால் இம்முடிவு வியப்பளிப்பதன்று.

சென்னையில், 1970 இல் அமைக்கப்பட்டு 2021 இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்ட குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் பல குடிசைப் பகுதிகளில் அதே இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய புறநகர்ப் பகுதிகளில் பெருந்தொகையானோர் குடியமர்த்தப்பட்டனர்.

ஒதுக்கீட்டு விதிகளில் உறவுமுறை

சில அரசுகள் உறவை வீட்டு ஒதுக்கீட்டு விதிகளிலேயே சேர்த்துள்ளன. சிங்கப்பூரில் பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு முன்னுரிமைத் திட்டங்கள் உள்ளன. 2015 இல் இதற்கெனத் தனி நிதியுதவி ஒன்றும் அறிமுகமானது. 2018 முதல் "அருகில்" என்பது 4 கிலோமீட்டருக்குள் என வரையறுக்கப்பட்டது.

இத்தகைய விதி எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதற்குப் பெத்னல் கிரீனே எடுத்துக்காட்டு. 1970கள் முதல் வங்காளதேசத்தின் சில்கெட் பகுதியைச் சேர்ந்த குடும்பங்கள், முன்னர் வந்த ஆண்களைப் பின்தொடர்ந்து கிழக்கு இலண்டனிற் குடியேறின. வீடு கிடைக்காத பலர் காலியான வீடுகளிற் புகுந்து வாழ்ந்தனர். இவர்களுக்காக 1976 இல் வங்காளியர் வீட்டுவசதி நடவடிக்கைக் குழு உருவானது. இனவெறித் தாக்குதல்கள் நிகழ்ந்த அக்காலத்தில், தம்மவர் இல்லாத தொலைவுக் குடியிருப்புகளில் வீடு கொடுத்தாலும் ஏற்க இவர்கள் அஞ்சினர். உறவினருக்கு அருகில் வாழ்வது இவர்களுக்கு உதவி பற்றிய விடயம் மட்டுமன்றிப் பாதுகாப்பு பற்றிய விடயமும் ஆகும்.

லிபரல் கட்சி 1986 இல் டவர் ஹாம்லெட்ஸ் நகரசபையைக் கைப்பற்றிய பின்னர், ஏற்கெனவே குடியிருப்போரின் மகன்களுக்கும் மகள்களுக்கும் வீட்டு ஒதுக்கீட்டில் முன்னுரிமை வழங்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. யங், வில்மொட் ஆகியோர் 1957 இற் கேட்டதற்கு இது மிக நெருங்கியது. ஆனால் ஏற்கெனவே குடியிருப்போரிற் பெரும்பாலோர் வெள்ளையர். நெரிசலான வீடுகளில் வாழ்ந்த வங்காளதேசக் குடும்பங்களின் பெற்றோர் அண்மையில் வந்தவர்கள். எனவே இக்கொள்கை நடைமுறையில் அவர்களைப் பின்தள்ளியது; பாகுபாடானது என்ற கண்டனத்துக்கும் உள்ளானது. தேவையின் அடிப்படையிலான ஒதுக்கீடு தமது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டது என்ற வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களின் மனக்குறையை, செஃப் டெஞ்ச், கேட் கவ்ரன், மைக்கேல் யங் ஆகியோரின் 2006 ஆம் ஆண்டு நூல் பரிவுடன் பதிவு செய்தது. இலண்டனில் வீடுகள் போதாமையே சிக்கலின் வேர் என்றும், நூலாசிரியர்கள் அதனைக் குடியேறியோர் மீது சுமத்தினர் என்றும் மறுப்பாளர்கள் கூறினர். யங் 2002 இல் இறந்துவிட்டதால் அந்த விவாதத்தில் அவர் பங்குபெறவில்லை.